ஸ்டெல்லா நிறுத்திய மாத்திரை

போன சனிக்கிழமை சாயந்திரம். பெசன்ட் நகர் பீச்சில் நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டெல்லா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த மாத்திரைய நிறுத்திட்டேன்டீ."

சோளத்தைக் கடிப்பதை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

ஸ்டெல்லா என் கல்லூரித் தோழி. சாந்தோமில் கணக்கு டீச்சர். இரண்டு வருஷம் முன்பு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து மறுபடி வேலைக்குப் போகிறாள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை மட்டும் தொடர்கிறது — தினமும், இன்னும் சில வருஷங்களுக்கு.

"ஏன்டீ?"

"கிளாஸ் நடுவுல குப்புன்னு வேர்க்குது. காலைல முட்டி மடங்க மாட்டேங்குது. கட்டியத்தான் எடுத்தாச்சே... இன்னும் எதுக்கு?"

நியாயமான கேள்விதானே? திங்கட்கிழமை அடையாறில் இருக்கும் அவளுடைய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த டாக்டரம்மா திட்டவில்லை. அதுவே பாதி வைத்தியம்!

"டீச்சர், கட்டி போயிடுச்சு. ஆனா விதை மாதிரி சில செல் எங்கயாவது ஒளிஞ்சிருக்கலாம். புற்றுநோய் ஸ்டெம் செல்னு சொல்வோம். அதுல நெறையதுக்கு ஹார்மோன் சொல்றது நேரா கேக்காது. பக்கத்துல ஒளிஞ்சிருக்கிற மத்த புற்றுநோய் செல் அதைக் கேட்டுட்டு, 'வளரு'ன்னு இதுக்குச் சொல்லிவிடும்."

"எங்க தெருவுல வம்பு பரவுற மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா.

டாக்டர் சிரித்துவிட்டார். "ஹார்மோனையே குறைச்சுட்டா, சொல்றதுக்குச் சேதி ஏது? ஆராய்ச்சி இன்னும் நடந்துட்டுதான் இருக்கு. ஆனா இந்த மாத்திரை, நோய் திரும்ப வர்ற வாய்ப்பைக் குறைக்குது. அதுல சந்தேகமே இல்ல."

பிறகு கேட்டார். "இவ்ளோ வலிய ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஸ்டெல்லா புடவைத் தலைப்பைத் திருகினாள். "உயிரோட இருக்கிறதே பெருசு. முட்டி வலிக்குதுன்னு வேற வந்து நிக்கணுமான்னு..."

பெரிய கண்டத்தைத் தாண்டியவர்களுக்குச் சின்ன வலியைச் சொல்லக் கூச்சம். நாமும்தான் என்ன செய்கிறோம்? 'பொழச்சதே புண்ணியம்' என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறோம்!

டாக்டர் அதே வேலையைச் செய்யும் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். தினமும் நடக்கச் சொன்னார். "ஒத்துக்கலன்னா போன் பண்ணுங்க. நீங்களா நிறுத்தாதீங்க."

நேற்று ஸ்டெல்லா போன் செய்தாள். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளாம். அப்புறம் முட்டி, வேர்வை, வெயில், வீட்டுக்காரர் போடும் காபி என்று அரை மணி நேரம் மூச்சுவிடாமல் புலம்பினாள்.

யார் புலம்பியும் எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை!