காணிக்காரர் என்று சொல்லிக்கொண்டவர்

வெயிலுமுத்து தாராவித் தோல் கிடங்கில் உப்புப் போடுகிறவர். ஆட்டுத்தோல்களுக்கு அடியில் சில நாள் சிறுத்தைத் தோலும் வரும். எது குண்டில் செத்தது, எது கம்பிச் சுருக்கில் செத்தது என்று தழும்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். காட்டில் கால் வைத்ததில்லை.

1961 மழைக்காலத்தில் அவருடைய மூன்று வயது மகள் காய்ச்சலில் இறந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்குக் கிளம்பியவர், ரயிலில் போரிவிலி வரை போய், காடு தொடங்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அழுகை வரவில்லை. திரும்பிப் போகவும் தோன்றவில்லை. காவலுக்கு ஆள் தேடிய ரேஞ்சர், காடு தெரியுமா என்று இந்தியில் கேட்டார். தெரியும், பொதிகை மலையில் பிறந்த காணிக்காரப் பழங்குடி, பெயர் ஜம்பு என்றார் வெயிலுமுத்து. ஜம்பு, கிடங்கில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்.

அந்தப் பெயரிலேயே ஏழு வருடம் ஓடியது. சுருக்கு எந்த உயரத்தில் கழுத்தைப் பிடிக்கும் என்பது தெரியுமாதலால் தேடித்தேடி அறுத்தார். தோல் வாங்க வந்த தரகர்களை அடையாளம் காட்டினார். குட்டிகளோடு சிறுத்தைகள் ஓடைக்கு வரத் தொடங்கின. அதைப் பார்த்தும் அவருக்குள் ஒன்றும் அசையவில்லை.

பறவை பார்க்க வருகிற மாட்டுங்கா ஆபீஸ்காரர் வெங்கடேஸ்வரன், அங்குள்ள தமிழர் சங்கத்தில் பேச அவரை அழைத்துப் போனார்.

"காட்டைப் படிக்க எங்கப்பா சொல்லிக்கொடுத்தாரு," என்றார் மேடையில். கை தட்டினார்கள்.

இறங்கியதும் மண்டபம் பெருக்கும் பெண் தண்ணீர் நீட்டினாள். வெயிலுமுத்துவின் மனைவி முப்பிடாதியம்மாள்.

"மலையிலயா பொறந்தீய?"

"ஆமா."

"பிள்ளைகுட்டி?"

"இல்ல."

டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"தெரிஞ்சவாளா?" என்று கேட்டார் வெங்கடேஸ்வரன். இல்லை என்று தலையசைத்தார்.

அடுத்த ஞாயிறு வெயிலுமுத்து தனியாக வந்து மண்டப வாசலில் நின்றார்.

"வீட்டுக்கு வரட்டுமா?"

"பாப்பா செத்தப்ப நானுந்தான் இருந்தேன். நீங்க மட்டும் போயிட்டீய," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இப்ப வேண்டாம். சுருக்கு அறுக்கதாச் சொன்னீயள்லா, அதப் போயிச் செய்யுங்க."

போனார். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

மறு வருட மழையில் பாம்பு கடித்து இறந்தார். பொதிகையின் காணிக்காரர் ஜம்புவுக்குச் சங்கம் இரங்கல் கூட்டம் நடத்தியது. எல்லோரும் எழுந்து நின்றபோது முப்பிடாதியம்மாளும் சுவரோரம் நின்றாள். கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்கினாள். சாயங்காலம் அங்கே ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது.