ஐயாயிரத்துக்கு மேல் கிடையாது

ஆரணியில் நெசவாளர்களுக்கான ஒரு சிக்கன நாணயச் சங்கத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்தேன். "ஐயாயிரத்துக்கு மேல் கிடையாதுங்க" என்று நான் சொன்ன அளவுக்கு என் மனைவியின் பெயரைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். கேட்டவர்கள் எல்லாம், மீதிப் பணத்தை ஏதோ நான் வீட்டுக்கு எடுத்துப் போவதுபோல முறைத்துவிட்டுப் போவார்கள். கடனுக்கு உச்சவரம்பு வைத்தவன் நானா? அது துணைவிதியில் இருந்தது. துணைவிதி என்றால் சங்கத்தின் சட்டப் புத்தகம். நாற்பது பக்கம், பச்சை அட்டை. என் காலத்தில் அதைக் கேட்டு வாங்கிப் படித்த உறுப்பினர் ஒருவர்தான். அவர் பெயர் கிருஷ்ணம்மாள்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அவரும் கணவர் பச்சையப்பனும் வீட்டில் ஒரு தறி போட்டுப் பட்டுச்சேலை நெய்தார்கள். பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பார். இவர்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார்கள். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு அந்த முதலாளியிடம் எட்டாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார்கள். அது தீரும்வரை வேறு யாருக்கும் நெய்யக் கூடாது, சொந்தமாகவும் நெய்யக் கூடாது. கூலி குறைச்சல் என்று வாயைத் திறந்தால் "முன்பணத்தை வெச்சுட்டுப் பேசு" என்று பதில் வரும். வாங்குகிற கூலியில் எட்டாயிரத்தை எங்கே வைப்பது?

தொண்ணூற்றேழு சித்திரையில் ஒரு நாள் சங்கத்துக்கு வந்தார்.

"சார், இருபதாயிரம் கடன் வேணும். எட்டாயிரம் மொதலாளிக்குக் கட்டிட்டு, மீதிக்குப் பட்டும் சரிகையும் வாங்கி சொந்தமா தறியில பாவு போட்டு நெய்யப் போறோம்."

"ஐயாயிரத்துக்கு மேல் கிடையாதும்மா."

"யாரு சொன்னது?"

"துணைவிதி."

"அத்த குடுங்க, பாக்கறேன்."

இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. பீரோ சாவி தலைவரிடம் இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொன்னேன். "வாங்கியாங்க, நான் குந்திகினு இருக்கேன்" என்றார். மதியச் சாப்பாட்டு நேரம் வரை அந்த பெஞ்சைவிட்டு அசையவில்லை. எனக்குப் பேஜாராகிவிட்டது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, அவர் பார்க்கவே பீரோவைத் திறந்தேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டு அதே பெஞ்சுக்குப் போனார். எட்டாவது வரை படித்தவர்; வரிக்கு வரி விரல் வைத்து மூன்று நாள் வந்து படித்தார்.

உச்சவரம்பு சும்மா வந்ததல்ல. எழுபதுகளின் கடைசியில் அன்றைய தலைவர் தன் சொந்தக்காரர்கள் மூன்று பேருக்குச் சங்கப் பணத்தில் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒருவரும் கட்டவில்லை. மூன்று வருடம் யாருக்கும் கடன் கிடையாது. சேமிப்புப் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஜனம் வாசலில் நின்றது. அதன் பிறகுதான் ஓர் ஆளுக்கு ஐயாயிரம் என்று விதி வந்தது. அப்போது ஐயாயிரத்தில் ஒரு தறி போட்டுப் பட்டும் வாங்கலாம். விலைவாசி ஏறியது, விதி அங்கேயே நின்றது. தொண்ணூற்றேழில் அந்த ஐயாயிரம் சீமந்தத்துக்கும் வளைகாப்புக்கும் ஆனதே தவிர, தொழிலுக்கு ஆகவில்லை.

விதியை மாற்றலாம். பொதுப்பேரவை கூடி, உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கு நேரில் வந்து, வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்க வேண்டும். பிறகு கூட்டுறவுத் துறையின் துணைப்பதிவாளர் அதைப் பதிவு செய்ய வேண்டும். எங்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். ஆகவே எண்பத்து மூன்று பேர் வந்தாக வேண்டும். ஆனால் தலைவர் சுப்பராயலு வருடா வருடம் கூட்டத்தை ஒரு புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு வைப்பார். தறியை விட்டு யார் வருவார்கள்? முப்பது பேர் வருவார்கள். கணக்கை மட்டும் நிறைவேற்றி, காராபூந்தி சாப்பிட்டுக் கலைவார்கள். கிருஷ்ணம்மாளின் முதலாளியும் இதே சுப்பராயலுதான். வரம்பு ஏறாமல் இருப்பதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நான்காம் நாள் கிருஷ்ணம்மாள் என் மேசைக்கு வந்தார். "அஞ்சுல ஒரு பங்கு பேரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா தனிக் கூட்டம் கூட்டியே ஆவணும்னு போட்டிருக்குதே சார்?"

"போட்டிருக்கிறது" என்றேன். அதுவரை எனக்கே தெரியாது.

ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கித் தொண்ணூறு கையெழுத்து வாங்கிவந்தார். மனுவில் தேதியையும் எழுதியிருந்தார்: ஆனி அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. அவருடைய மூளையை நினைத்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. சுப்பராயலு மனுவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அமாவாசையா? தாராளமா வெச்சுக்கட்டும்" என்று சொல்லி, மாலை நாலு மணி என்று அறிவிப்பு அடிக்கச் சொன்னார். நான் அடித்தேன்.

அமாவாசையன்று மதியம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் அம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். தறி ஓடாத நாளில் நெசவாளி வீட்டில் உட்கார்ந்தா இருப்பான்? இரண்டு மணியிலிருந்தே பஸ் பஸ்ஸாக ஜனம் கிளம்பிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு வந்தது ஐம்பத்தொரு பேர். அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கூட்டம் கலைந்தது என்று எழுதச் சொன்னார் தலைவர்.

"தேதிய எழுதின நானு நேரத்த எழுதாம உட்டுட்டேன் சார்" என்றார் கிருஷ்ணம்மாள். கண் கலங்கவில்லை, தன்மீதே வந்த கோபத்தில் முகம் சிவந்திருந்தது. அந்த அறிவிப்பை அடித்தவன் நான் என்பதால் அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறு வாரமே மறுபடி வீடு வீடாகப் படியேறத் தொடங்கினார். நடுவில் ஒரு நாள் போளூர் வழியாக பஸ் பிடித்துத் துணைப்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்வந்தார். அங்கே ஓர் அதிகாரி உட்காரவைத்து விவரம் சொன்னாராம். "சங்கத்தோட பலத்தப் பாத்துத்தான் வரம்ப ஏத்த உடுவாங்களாம் சார். இருபது தாங்குமாம். அதுக்கு மேல எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்களாம். கடனும் பங்குப் பணத்துல பத்து மடங்குதானாம்." அவருடைய பங்குப் பணம், அதாவது உறுப்பினராகச் சங்கத்தில் போட்ட பணம், ஐந்நூறு. இரண்டாயிரம் ஆக்க வேண்டும். அதற்கும் வழி பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது மனுவில் ஆவணி அமாவாசை, காலை ஏழு மணி என்று இருந்தது. அன்று தொண்ணூற்றேழு பேர் வந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். நான் தீர்மானத்தைப் படித்தேன்: உச்சவரம்பு ஐயாயிரத்திலிருந்து இருபதாயிரம்.

சுப்பராயலு எழுந்தார். எதிர்க்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"இருபது இன்னாத்துக்கு? வெக்கறதே வெக்கறோம், அம்பதா வெப்போமே! நம்ம ஜனம் நல்லா இருக்கட்டும்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. யாரோ விசில் அடித்தார்கள். பச்சையப்பனும் சேர்ந்து தட்டினார். ஐம்பது என்று எழுதி அனுப்பினால் அது திரும்பி வரும், ஐயாயிரம் ஐயாயிரமாகவே கிடக்கும், மூன்றாவது முறை இந்த ஜனத்தை யாராலும் கூட்ட முடியாது. அந்தக் கூடத்தில் இது தெரிந்தது மூன்றே பேருக்கு. தலைவருக்கு, எனக்கு, கிருஷ்ணம்மாளுக்கு.

"அம்பது வேணாம்" என்று கிருஷ்ணம்மாள் எழுந்தார்.

"இன்னாம்மா, நீதான கேட்டுகினு இருந்த? குடுத்தா வேணான்றியே!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"குமரேசன் சார், கடன் குடுக்கறதுக்கு சங்கத்துல மொத்தம் எவ்ளோ பணம் இருக்குது? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சம்பளம் போடுகிறவர். ஆனால் கேட்பது உறுப்பினரின் உரிமை என்று அதே பச்சைப் புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. எழுந்து நின்று சொன்னேன்: "நான்கு லட்சத்து அறுபதாயிரம்."

"ஆளுக்கு அம்பதுன்னா ஒம்போது பேரோட தீந்துடும்" என்றார் கிருஷ்ணம்மாள். "நாம நானூறு பேர் இருக்கறோம். யாரு அந்த ஒம்போது பேரு? கை தூக்குங்க பாப்போம்."

ஒரு கையும் எழவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருபது வெச்சாலும் இருபத்திமூணு பேருக்குத்தானே?" என்றார் முன்வரிசையில் இருந்த சின்னக்கண்ணு.

"ஆமா. தவணை திரும்பி வர வர அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். ரெண்டு பேர் கட்டலன்னாலும் சங்கம் நிக்கும். அம்பதாயிரத்த மூணு பேர் முழுங்கினா இன்னா ஆவும்னு ஒங்களுக்கே தெரியும். அன்னிக்கி வாசல்ல வந்து நின்னவங்கதான நீங்க?"

சின்னக்கண்ணு நின்றவர்தான். மெதுவாக முதல் கையைத் தூக்கினார். இருபதாயிரத்துக்கு எண்பத்தெட்டுக் கைகள் எழுந்தன. மறுபடி ஒரு தடவை எண்ணிவிட்டுத்தான் எழுதினேன்.

பதிவாகி வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் கம்மலை அடகு வைத்து கிருஷ்ணம்மாள் பங்குப் பணத்தை இரண்டாயிரம் ஆக்கியிருந்தார். முதல் விண்ணப்பம் அவருடையது. காசோலையில் தலைவர் கையெழுத்து வேண்டும். நான் கொண்டுபோய் வைத்தபோது சுப்பராயலு பேரைப் படித்தார், தொகையைப் படித்தார், பேனாவை உதறினார், போட்டார்.

மறுநாள் காலை ரசீது எழுத ஒரு ஆள் வேண்டும் என்று கிருஷ்ணம்மாள் என்னைக் கூடவே அழைத்துக்கொண்டு சுப்பராயலு வீட்டுக்குப் போனார். எண்பது நூறு ரூபாய்த் தாள்களை அவர் முன்னால் வைத்தார்.

"இன்னா அவசரம் கிருஷ்ணம்மா? நான் கேட்டனா? இருக்கட்டும், மெதுவா குடேன்" என்றார் அவர். குரல் அவ்வளவு பிரியமாக இருந்தது. பணத்தைத் தொடவில்லை.

"எண்ணிக்கோங்க மொதலாளி" என்றார் கிருஷ்ணம்மாள்.

அவர் எண்ணி முடிக்கும்வரை கிருஷ்ணம்மாள் நின்றுகொண்டே இருந்தார். நான் ரசீதை எழுதி நீட்ட, சுப்பராயலு கையெழுத்துப் போட்டார். கிருஷ்ணம்மாள் அதை வாங்கி, நின்ற இடத்திலேயே முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார்.

"கையெழுத்துக்குக் கீழ தேதி போடல மொதலாளி" என்று திருப்பி நீட்டினார்.