பாரம் போடாத கால்

எங்கள் நைனா யார் பேச்சையும் கேட்கிற ஆள் இல்லை. காற்று சரியில்லை என்று ஊரே கரையில் நிற்கும்போது படகை அவிழ்க்கிறவர். அப்படிப்பட்டவர் என் பேச்சை ஒரே ஒருமுறை அட்சரம் பிசகாமல் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

போன வருடம் பொன்னேரிச் சாலையில் பைக் சறுக்கி அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கொடுத்த சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. ஆறு வாரம் ஓய்வு, அதன் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் காலில் பாரம் போட வேண்டும். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"இன்னா எழுதிக்கிறாரு?" என்றார் நைனா.

"மூணு மாசத்துக்குக் காலக் கீழயே வைக்கக் கூடாதுன்னு."

பொய். அவருடைய பாடு வருகிறதே என்று பயந்து சொன்ன பொய். ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடங்களில் எந்த நாளில் யார் இறங்குவது என்று எங்களுக்குள் முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டில் ஆள் மாற்ற முடியாது. முறைக்காரர் தாமே தண்ணீரில் இறங்காவிட்டால் அந்த முறை போனதுதான். நைனாவின் பாடு ஏழாவது வாரத்தில் வந்தது. காலை ஊன்றலாம் என்று தெரிந்தால் அவரைக் கட்டிலில் பிடித்துவைக்க அம்மாவால் ஆகாது. நானோ சென்னையில், ஆராய்ச்சி முடிகிற அவசரத்தில் இருந்தேன். அவர் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். அவர் படுத்துக் கிடந்தால் நான் நிம்மதியாக என் வேலையைப் பார்க்கலாம் என்பது மீதிப் பாதி.

பாட்டுக்கு நாலு நாள் முன்னால் நான் ஊருக்கு வந்திருந்தபோது கெஞ்சினார். எங்கள் நைனா கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இடுப்பளவு தண்ணிதான் கண்ணு. தண்ணில நின்னா காலு கனக்காது. கழியப் புடிச்சிக்கினு சும்மா நிக்கிறேனே."

"வழுக்குனா மறுபடியும் முறியும் நைனா. நான் இதத்தான படிக்கிறேன்?"

நைனா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். படித்த பெண் சொல்லிவிட்டாள்.

நான் படித்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அடியில் மெல்லிய ரப்பர் படலம் உள்ள தட்டுகளில் வளர்ப்போம். இன்னதாக ஆவது என்று இன்னும் முடிவு செய்யாத செல்கள் அவை. ஒரு தட்டை இயந்திரம் லேசாக இழுத்து இழுத்து விடும். இன்னொரு தட்டு சும்மா இருக்கும். இரண்டுக்கும் ஒரே சூடு, ஒரே தீனி. அளவாக இழுபட்ட செல்கள்தான் எலும்பாகும் வழியில் வேகமாகப் போகும். சும்மா இருந்தவை பின்தங்கிவிடும். அதிகமாக இழுத்தாலோ பாழ். நின்று நடக்கும்போது எலும்பின் மேல் விழும் பாரமும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று மேடையேறிப் பேசியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

நைனாவின் பாடு தவறிப்போன அன்று மத்தியானம் என் தட்டுகளுக்குச் சாயம் ஊற்றினேன். சுண்ணாம்புச் சத்து சேர்ந்த இடத்தில் சிவப்பு ஏறும். இழுபட்ட தட்டு செக்கச்செவேல் என்று ஆனது. மற்றது வெளிறிக் கிடந்தது. சந்தோஷம் தாங்காமல் இனிப்பு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். கட்டிலில் கிடந்த நைனா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "பாஸாயிட்டியா?" என்றார். வேளாவேளைக்கு ஆட்டுக்கால் சூப், கம்பளி, தலைமாட்டில் ரேடியோ. அந்தக் காலுக்குப் பாரத்தைத் தவிர எல்லாம் கொடுத்திருந்தோம். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரேயில் முறிவு முறிவாகவே இருந்தது. டாக்டர் சீட்டைத் தட்டிக்காட்டி, "ஆறு வாரத்துல பாரம் போடச் சொல்லித் தெளிவா எழுதியிருக்கேனே, ஏன் போடல?" என்றார்.

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி. பிறகு டாக்டரிடம், "எனக்குத்தான் பயம் சார். பொண்ணு தெனம் சொல்லிச்சி, நான்தான் கேக்கல," என்றார்.

"படிச்ச பொண்ணு சொல்றதைக் கேக்கணும் பெரியவரே," என்று டாக்டர் அவரை வைது தீர்த்தார். அவர் பிடிக்கிற பீடியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். பீடி என்ற சாக்கை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆட்டோவில்தான் அழுதேன். "நான் பொய் சொன்னேன் நைனா."

"அங்கயே தெரிஞ்சிபோச்சி. வுடு. அந்தாளு உன்னிய எதுக்குத் திட்டணும்?"

திட்டியிருக்கலாம். இன்றுவரை அவரும் திட்டவில்லை.

இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து மறுபடி ஆபரேஷன் ஆயிற்று. இந்த முறை டாக்டர் சொன்னபடி எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வந்திருக்கிறோம். தினமும் காலையில் நைனா வாக்கரைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் காலை வைத்து அழுத்துகிறார். முள் நகர்கிறது. எந்தக் கோடு வரைக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் தமிழிலேயே சொல்லி, கோட்டில் மையும் வைத்துக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் அவர் முள்ளைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

"போதுமா கண்ணு? நீ சொல்லு."