சொல்லாமல் எழும்பிய ஒன்பது பேர்

நான் கம்பஸ் ஹொஸ்டல் குசினியில் சமையல் வேலை பார்த்தவன். இப்போது குசினிகளில் நிற்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. மரக்கறிச் சட்டி

எண்பத்து நாலில் வெளிநாட்டுப் பெடியன் ஒருவன் தமிழ் படிக்க வந்தான். பெயர் டானியல். வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளை என்று நினைத்து முதல் நாள் நண்டுக்கறி வைத்தேன். தொடவில்லை.

"அண்ணை, நான் வேதம் இல்லை. யூதன். நண்டு, றால் எங்களுக்கு ஆகாது. அது சமைச்ச சட்டியும் ஆகாது."

என்னோடு வேலை செய்த மார்க்கண்டு சிரித்தான். "உவர் கோயில் ஐயரிலும் கடும் ஆசாரம்."

எனக்கு அது புதினமாக இல்லை. எங்கள் குசினியிலும் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. அன்று தொடக்கம் அவனுக்கு மரக்கறிச் சட்டியில் இருந்து போட்டேன். வெள்ளிக்கிழமை பொழுதுபட முன்னம் அறையில் இரண்டு மெழுகுதிரி கொளுத்துவான். வெள்ளி என்றால் நாங்களும் விளக்கு வைப்போம். ஒருவரும் விசாரிக்கவில்லை.

2. தந்தி

ஒருநாள் காலை அவனுக்குத் தந்தி வந்தது. தகப்பன் செத்துப்போனார். மத்தியானம் அவன் சாப்பிட வரவில்லை. அறைக்குப் போனேன். அவர்கள் துக்க முறைப்படி போட்டிருந்த சேட்டைக் கிழித்துவிட்டு நிலத்தில் இருந்தான்.

"ஊருக்கு வெளிக்கிடேல்லையோ தம்பி?"

"நான் போய்ச் சேர முன்னம் புதைச்சுப் போடுவினம், அண்ணை. இஞ்சை இருந்து அப்பாவுக்கு ஒரு செபம் சொல்லோணும். அதுக்குப் பத்து யூத ஆம்பிளையள் வேணும். இந்த ஊரிலை நான் ஒருத்தன்தான்."

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல்தான் சோறு கொண்டுபோகும். அவனுக்கு அயல் நாங்கள். சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு, மார்க்கண்டு, காவலுக்கு நிற்கிற வாச்சர், ஹொஸ்டல் பெடியள் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனோடு சேர்த்துப் பத்துப் பேர்.

"இந்தப் பத்துப் பேர் காணுமோ தம்பி?"

எல்லாரையும் பார்த்தான். "முறைப்படி காணாது, அண்ணை. எண்டாலும் இண்டைக்குச் சொல்லுறன். இருங்கோ."

சொன்னான். பாஷை விளங்கவில்லை. இடையிடையே ஆமென் வந்தது. வேதக்காரப் பெடியன் ஒருவன் கூடச் சொன்னான். பிறகு மார்க்கண்டுவும் சொன்னான்.

முடிய, ஒவ்வொருவராக எழும்பி ஒன்றும் பேசாமல் வெளியே வந்தோம்.

அடுத்த நாள் போனால் சோறு வைத்தபடி இருந்தது.

"நான் ஏதும் பிழை விட்டனோ, அண்ணை? எல்லாரும் கோவிச்சுக்கொண்டு போனவை."

"ஆர் கோவிச்சது? செத்த வீட்டிலை போயிட்டு வாறன் எண்டு சொல்லக் கூடாது. சொன்னா, இன்னொரு சாவுக்கு வாறம் எண்ட மாதிரி."

முகம் தெளிந்தது. சோற்றுக் கோப்பையை இழுத்தான். அது பழஞ்சோறு என்று பறித்துவிட்டுப் புதுச் சோறு போட்டேன். சாப்பிட்டான்.

"பின்னேரமும் வருவியளோ, அண்ணை?"

"அது சொல்லக் கூடாது" என்றேன்.

ஏழு நாள் துக்கம் காப்பது அவர்கள் முறை. ஏழு நாளும் போனோம். ஒருநாளும் சொல்லிக்கொண்டு வெளிக்கிடவில்லை.

நான் படித்தது இவ்வளவுதான். ஒரு பிள்ளை சாப்பிட வரவில்லை என்றால், சோற்றை மூடி வைத்துவிட்டு இருக்காதீர்கள். அறைக்குக் கொண்டுபோங்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.