இங்க ஏத்தம் எங்கம்மா இருக்கு?

வண்டியை வேகமாக ஓட்டினால் அபராதம் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நின்ற இடத்திலிருந்து வேகமாக எடுத்தாலும் போடுவார்கள் என்பது, என் கணவருக்குப் போட்ட அன்றுதான் தெரிந்தது. அதுவும் திண்டுக்கல்லில், நடு ரோட்டில், பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது.

அவர் பண்ணைக்காடு என்கிற மலையூரில் ஜீப் ஓட்டுகிறவர். வாழைத்தார், மிளகு மூட்டை, காப்பிப் பழம் எடுக்கப் போகும் பெண்கள், பிரசவத்துக்குப் போகும் பெண்கள் என்று அந்த ஜீப்பில் ஏறாத பாரம் கிடையாது. நான் அதே ஊரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டில் வண்டி அவர் இலாகா, வாய் என் இலாகா. ஒருத்தர் இலாகாவில் இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது என்பார். நான் நுழைப்பேன்.

அன்று அவருடைய தங்கை மகள் கல்யாணம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து சிக்னலில் நின்றோம். இரண்டு பக்கமும் பஸ்கள், காது கிழிகிற மாதிரி ஹாரன். பச்சை விழுந்ததும் ஜீப் ஒரே எகிறாக எகிறிப் பாய்ந்தது. என் தலை பின்னால் போய் இடித்தது. மடியில் வைத்திருந்த சீர்த்தட்டு கவிழ்ந்து வெற்றிலையும் பழமும் காலடியில் உருண்டன. ரோட்டைக் கடந்து முடிக்காத ஓர் அம்மாள் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் மேல் படாமல் ஜீப் நின்றது எங்கள் நல்ல காலம்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓரங்கட்டச் சொன்னார். பேரன் வயது என்று சொல்ல முடியாது, மகன் வயது இருக்கும்.

"சார், முப்பதைக்கூடத் தாண்டலியே சார்" என்றார் இவர்.

"எம்புட்டு வேகத்துல போனீங்கன்னு நான் கேக்கல பெரியவரே. நின்ன எடத்துல இருந்து எப்படி எடுத்தீங்கன்னு கேக்குறேன். அந்தம்மா மேல ஏறியிருந்தா என்ன ஆகும்? ஸ்பீடு கம்மியா இருந்தாலும் இப்படி எடுத்தா அபாயகரமா ஓட்டுனதாத்தான் கணக்கு. கேஸ்தான்."

இவர் சாதாரணமாக இப்படி விடுகிறவர் இல்லை. செக்போஸ்ட்டில் தேவையில்லாமல் ஒருவர் டயரைத் தட்டினால்கூட இறங்கி நின்று நியாயம் கேட்பார். அன்று ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என் இலாகாவைக் கையில் எடுத்தேன்.

"சார், இவரு மலையில வண்டி ஓட்டுறவரு. ஏத்தத்துல நிறுத்தி எடுக்குறப்ப நல்லா மிதிச்சுத்தான் எடுக்கணும். இல்லேன்னா வண்டி பின்னால உருண்டு பள்ளத்துல கெடக்கும். வருஷக்கணக்கா அப்படியே பழகிப்போன காலு. அதுக்குப் போய் கேஸா?"

போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். ரோட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்க ஏத்தம் எங்கம்மா இருக்கு?"

அபராதத்தைப் போட்டுவிட்டுத்தான் விட்டார். கல்யாண வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி நியாயம் கேட்டேன். ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தப் போலீஸ்காரரைத் திட்டிக்கொண்டே வந்தேன். இவர் ஒரு வார்த்தை சேர்ந்து திட்டவில்லை.

மறுநாள் எங்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டில் இதுதான் பேச்சு. வெரசா எடுத்தால் கேஸ் உண்டா, இல்லையா? உண்டு என்று ஒரு கட்சி, அப்படியானால் மலையில் ஓட்டுகிற அத்தனை பேரையும் உள்ளே தூக்கிப் போடணும் என்று ஒரு கட்சி. கடைசியில் எல்லாருமாக என் பக்கம் சாய்ந்தார்கள். "டீச்சர் சொன்னதுதான் ரைட்டு. கீழ உள்ளவனுக்கு மலைக்காலப் பத்தி என்ன தெரியும்?" என்றார் வயதான டிரைவர் ஒருவர். எனக்குப் பெருமையாக இருந்தது. மலைக்கால் என்று இவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இவரும் சிரித்தார்.

கொஞ்ச நாளில் ஸ்டாண்டிலேயே, சமதரையில், நாலைந்து ஜீப்புகள் ஒன்றாக உறுமிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஜீப் மறுபடியும் எகிறி அடுக்கி வைத்திருந்த வாழைத்தாரில் முட்டியது. மலைக்கால் திண்டுக்கல் ரோஷத்தை இங்கே காட்டுகிறது என்று எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். இன்னொரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். வலது கால் வெறுங்காலாக இருந்தது. "இன்னொண்ண எந்த மகராசிக்குக் குடுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்த மாதிரி இருந்தது. "சேத்துல சிக்கியிருக்கும்" என்றார். அன்று மழையே இல்லை.

சர்க்கரை அவருக்குப் பல காலமாக உண்டு. மாத்திரை போடுவதும், போட மறப்பதும், ஜீப் ஸ்டாண்டு டீயில் சர்க்கரை தூக்கலாகக் கேட்பதும் எல்லாம் சேர்ந்ததுதான் அவர் வைத்தியம்.

காப்பிப் பழம் எடுக்கிற பருவம் வந்தது. ஒரு நாள் வெள்ளனே பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டார். தோட்டத்துப் பக்கம் எனக்கும் ஒரு சோலி இருந்ததால் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். நல்ல ஏற்றத்தில், வளைவுக்குச் சற்று முன்னால், எங்களுக்கு முன்னால் போன பஸ் நின்றுவிட்டது. நாங்களும் நின்றோம். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் பெண்கள் ஏதோ கேலி பேசிச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பள்ளம்.

பஸ் நகர்ந்தது. இவர் எடுக்கவில்லை. ஜீப் மெல்லப் பின்னால் உருண்டது. உடனே ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அது பழைய பிரேக், பாரத்தோடு அதிக நேரம் பிடிக்காது. முகமெல்லாம் வேர்த்திருந்தது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னால் உள்ளவர்களுக்குக் கேட்காதபடி என்னிடம் சொன்னார்.

"இந்தா, குனிஞ்சு பாரு. என் காலு எது மேல இருக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்தேன். வலது கால் பாதி பிரேக்கிலும் பாதி ஆக்ஸிலரேட்டரிலுமாகக் கோணிக்கொண்டு கிடந்தது. சொன்னேன்.

"கையால எடுத்து பிரேக்கு மேல வை."

எடுத்து வைத்தேன். குளிர்ந்த கால். என் கை பட்டது அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. "வச்சிட்டியா?" என்று கேட்டார். வைத்துவிட்டேன் என்றதும் முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு, பின்னால் திரும்பாமல் குரல் கொடுத்தார்.

"எல்லாரும் எறங்குங்க. பெருசா ஒரு கல்லெடுத்துப் பின்சக்கரத்துக்கு அணை குடுங்க. வெரசா."

பெண்கள் இறங்கிக் கல்லை வைத்தார்கள். இவர் எஞ்சினை அணைத்துச் சாவியை உருவி என் கையில் கொடுத்தார். தானே இறங்கி ரோட்டோரச் சுவரில் போய் உட்கார்ந்தார். வேறொரு டிரைவர் வந்து ஜீப்பை எடுத்துப் போகும்வரை அங்கேயேதான் இருந்தோம்.

"அந்தப் போலீஸ்காரரு சொன்னது சரிதான்" என்றார். "அங்க ஏத்தம் ஒண்ணும் இல்ல."

ரொம்ப நாளாகவே பாதத்தில் உணர்ச்சி இல்லையாம். எவ்வளவு மிதிக்கிறோம் என்று கால் சொல்வதில்லை, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் மிதித்திருக்கிறார். மலையில் சத்தம் கிடையாது, அதனால் காது போதுமானதாக இருந்தது. திண்டுக்கல் ஹாரனில் சொந்த வண்டியின் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஒரு காரணம் சொன்னே. நல்லாயிருந்துச்சு. அதுவே உண்மையா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அந்தச் சுவரில் உட்கார்ந்து அவர் மேலேயே காட்டினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வத்தலக்குண்டில் டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். இவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். டாக்டர் தொட்டு முடித்து இழையைப் பெட்டிக்குள் வைத்த பிறகும், "இன்னும் ஆரம்பிக்கலியா சார்?" என்று கேட்டார். செத்த நரம்பு திரும்பாது, இனி வண்டி ஓட்டக் கூடாது, வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஜீப்பைத் தாண்டிக்குடிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். அவர் வந்து எடுத்துக்கொண்டு போனபோது இவர் வாசலுக்கு வரவில்லை. உள்ளே இருந்து சத்தத்தைக் கேட்டார். "நிதானமாத்தான் எடுக்குறான்" என்றார்.

இப்போது காலையில் ஸ்டாண்டுக்கு டீ குடிக்க நடந்துதான் போகிறார். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கியிருக்கிறோம், மாட்டிவிட்டால் கழன்று போகாது. ஆனால் மாட்டும்போதே கால் வெளியே நழுவிவிடும், அவருக்குத் தெரியாது. குனிந்து பார்த்தால் தெரியும். பார்க்க மாட்டார். அந்தக் காலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எதிரே மலையைப் பார்த்துக்கொண்டு என்னைக் கேட்பார்.

"இந்தா, செருப்பு போட்டிருக்கேனா?"

சில நாள் போட்டிருப்பார். சில நாள் செருப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக இருக்கும். அப்போது நான் சத்தம் காட்டாமல் உட்கார்ந்து, காலைத் தூக்கிச் செருப்புக்குள் நுழைத்து, வாரை இழுத்து மாட்டிவிட்டு எழுந்திருப்பேன்.

"போட்டிருக்கீங்க. கெளம்புங்க."