கயிறு மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் பக்கத்துத் தோப்புக்காரர் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, அந்தப் புல்லு வெட்ற மிஷினு சும்மாதானே கெடக்குது... குடுங்களேன், நான் வெச்சிக்கிறேன்."

என் கணவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "எடுத்துகினு போ."

எனக்குச் சுருக்கென்றது. ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் ஆறு நாளும் புடவை விரித்து மடித்துக்கொண்டிருந்தவர் அவர். ஏழாம் நாள் அந்த பெட்ரோல் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆற்றோரத்திலிருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்குக் கிளம்பிவிடுவார். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார்! ஆறு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் வலது கையை முடக்கிவிட்டது. நடக்கிறார். பேசவும் முடியும்... பேசுவதில்லை, அவ்வளவுதான்.

"ரிப்பேருங்க, சரி பண்ணிட்டுச் சொல்றோம்" என்று வந்தவரை அனுப்பிவைத்தேன். சும்மா ஒரு பொய். மறுநாள் ஆட்டோவில் மெக்கானிக் பாயிடம் எடுத்துப்போனால்... நிஜமாகவே ஸ்டார்ட் ஆகவில்லை!

"ஆறு மாசமா பெட்ரோல உள்ளயே வுட்டு வெச்சிகினு இருந்தீங்களாம்மா?" என்றார் பாய். டேங்கைக் கவிழ்த்ததும் குப்பென்று புளித்த வாடை. கார்புரேட்டரைக் கழற்றி, பிசின் மாதிரி ஒட்டியிருந்ததை ஸ்ப்ரே அடித்துக் கழுவினார். ஃபில்டரை மாற்றி, ஆயில் கலந்த புது பெட்ரோல் ஊற்றினார். "எடுத்து வெக்கறப்ப டேங்க காலி பண்ணிட்டு, தானா நிக்கிற வரைக்கும் ஓட வுடுங்க. இந்தப் பேஜாரே கெடையாது. ஸ்டார்ட்டர் கயிறும் நைஞ்சி போச்சி. மாத்திடவா?"

சட்டென்று ஒரு யோசனை. "கயித்த மட்டும் குடுங்க பாய். நாங்க வீட்ல மாத்திக்கிறோம்."

"ஒரு ஆளால ஆவாதும்மா. உள்ள ஸ்பிரிங் இருக்கு, வுட்டா சுத்திடும். ஒருத்தர் புடிக்கணும், ஒருத்தர் கோக்கணும்."

எனக்கு வேண்டியதும் அதுதானே?

ஞாயிறு காலை, கூடத்தில் பேப்பர் விரித்து மிஷினை அவர் முன்னால் வைத்தேன். "எனக்கு ஒண்ணும் புரியலங்க" என்றேன்.

பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்ற, நான் தப்பான ஸ்க்ரூவில் கை வைத்ததும் பொறுக்கவில்லை. இடது கை நீண்டது. ஸ்பிரிங் இறுக முறுக்கிய கயிற்றுச் சக்கரத்தை அவர் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க, நான் துளையில் கயிற்றை நுழைத்து முடிச்சுப் போட வேண்டும். முதல் தடவை நழுவி, சர்ரென்று மொத்தமும் அவிழ்ந்தது. இரண்டாம் தடவையும்.

"ஜல்தியா கோக்க மாட்டே? எங்க பாத்துகினு இருக்கே?"

ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் திட்டு! குனிந்துகொண்டேன் – கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

இத்தனை நாளும் நான் என்ன செய்தேன்? சட்டை பட்டன் போட்டுவிட்டேன். சாதம் பிசைந்து கொடுத்தேன். தண்ணீர் டம்ளரைக்கூட வாயருகே நீட்டினேன். பாசம்தான்... ஆனால் அந்தப் பாசத்தில் அவர் செய்வதற்கென்று ஒரு வேலையைக்கூட நான் மிச்சம் வைக்கவில்லையே!

மூன்றாம் தடவை முடிச்சு விழுந்தது.

வாசலில் மிஷினை நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் சோக்கைப் போட்டார். கயிறு இறுகும்வரை இடது கையால் மெதுவாக இழுத்து, பிறகு வெடுக்கென்று ஒரே இழுப்பு. ஒன்றுமில்லை. மறுபடி... லேசாக ஒரு செருமல். அடுத்த இழுப்பில் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்!

கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். மூச்சு வாங்கியது. நெற்றி வியர்வையைத் தன் கையாலேயே துடைத்துக்கொண்டார். நான் துண்டை நீட்டவில்லை.

"பசிக்குது. இன்னா கொழம்பு?"

போட்டதைச் சாப்பிட்டு எழுந்துபோய்க்கொண்டிருந்த மனிதர் கேட்கிறார்! கருவாட்டுக் குழம்பு என்றேன், அவருக்கு உயிர் அது – கருவாடே இனிமேல்தான் வாங்க வேண்டும்.