துண்டுக்குள் கை குலுக்கியவன்

1982 மாசி மாதம். இளையரசனேந்தலில் எங்கள் தோட்டத்து மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம் பார்த்து ஆயில் என்ஜின் படுத்துவிட்டது. நாலு நாளில் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் செடி கருகிவிடும். நானோ சங்கரன்கோவிலில் பள்ளிக்கூடக் கிளார்க். பஸ் காசு போக, கையில் 2,200 ரூபாய்தான் இருந்தது.

ராயகிரியில் சுப்பையா என்பவர் தோட்டத்துக்குக் கரண்ட் வந்துவிட்டதால் என்ஜினை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். காலை எட்டு மணி பஸ். டிக்கெட் இரண்டு ரூபாய், ஒரு மணி நேரப் பயணம். நான் போனபோதே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற என்ஜினைப் பார்த்து மயங்கக் கூடாது, சூட்டில் எதுவும் ஓடும். நிறுத்தச் சொல்லி, ஆறும்வரை இரண்டு மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பிறகு கைப்பிடியைச் சுழற்றினால் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மனசுக்குள் வாங்கிவிட்டேன்.

சிவகிரியிலிருந்து இன்னொருவரும் வாங்க வந்திருந்தார். அதனால் சுப்பையா தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு, “ரெண்டாயிரத்துக்கு மேல சொல்லுங்க சார்” என்று நீட்டினார். பேரத்தை ஆரம்பிக்கக் கை கொடுக்கிறார் என்று நினைத்து, நானும் துண்டுக்குள் கையை விட்டுப் பலமாகக் குலுக்கினேன்.

“அஞ்சு விரலும் பிடிச்சிட்டீய. ரெண்டாயிரத்தி ஐநூறு. ரொம்ப சந்தோசம்!”

மாட்டுச் சந்தைக் கணக்காம். விலை அடுத்தவருக்குத் தெரியாமலிருக்கத் துண்டு, ஒரு விரலுக்கு நூறு. வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, இல்லாத முந்நூறுக்கு எங்கே போவேன்?

சுப்பையாவின் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏங்க, துண்டு ஆடுனத நான் பாத்தேன். சந்தைக்குப் போற ஆளு கை குலுக்குவானா? பாவம், அண்ணாச்சிக்கு வெவரம் தெரியல.”

அவரும் சிரித்துவிட்டார். “சரி, இப்பம் ஒழுங்காப் பிடிங்க.”

இரண்டு விரலைப் பிடித்தேன். என்னிடம் இருந்ததே அவ்வளவுதான். சுப்பையா என் முகத்தைப் பார்த்தார்.

“இத எப்படிக் கொண்டு போவீய?”

வண்டி வாடகையை நான் நினைக்கவே இல்லை.

பழைய என்ஜின் வாங்கப் போகிறவர்களே, ஆற வைத்து ஓட்டிப் பாருங்கள், விரல் கணக்கைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள், டெம்போ வாடகையைத் தனியாக முடிந்து வையுங்கள். எனக்கு ராயகிரியிலிருந்து இளையரசனேந்தலுக்குச் சரியாக நூறு ரூபாய் ஆனது. அந்த நூறு எப்படி வந்தது என்கிறீர்களா? துண்டுக்குள் நான் பிடித்திருந்த இரண்டு விரலில் ஒன்றைச் சுப்பையா தானாகவே மடக்கிக்கொண்டார்.